வண்டியை எண்ணினால் போதுமா?

ஏப்ரல் பிறந்தால் கோயமுத்தூரில் நாலு பேர் கூடும் இடமெல்லாம் இ-பாஸ் பேச்சுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். மலை தாங்காது என்பது காரணம். நியாயமான காரணம். ஆனால் எண்ணுவது வண்டியை மட்டும்தான். பூட்டிக் கிடக்கும் கோடை வீடுகளை யார் எண்ணுவது?

காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குகிற குடும்பம் மலைக்கு ஒரு நாள் பாரம். சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்றைக்கும் பாரம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் வெட்டுவது நிற்கவில்லை.

போன வருசம் பேரன் பேத்திகளோடு கோத்தகிரியில் நண்பர் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தோம். குறை சொல்ல முடியாத உபசாரம். ஆறு படுக்கை அறை. வருசத்தில் இருபது நாள்கூடத் திறப்பதில்லை என்றார் காவலுக்கு இருக்கும் அம்மா. அவர் குடியிருப்பது பின்பக்கம் தகரம் போட்ட ஒற்றை அறை. "எங்க பையனுக்குக் கல்யாணமானா, இந்தச் சுத்துல வாடகைக்குக்கூட வீடு சிக்காதுங்க" என்றார்.

நண்பரிடம் பேச்செடுத்தேன். "எங்காசு, எம்பட எடம். ஆருக்கு என்னங்க நட்டம்?" என்றார். இடம் அவருடையதுதான். அந்த மலையில் பெய்யும் மழை அவருடையது அல்லவே! நீலகிரியில் பிறக்கும் பவானிதான் பில்லூர் வழியாக நம் வீட்டுக் குழாயில் வருகிறது.

உள்ளூர்க்காரருக்குப் பிழைப்பு என்பார்கள். ஒரு நாள் வருகிறவன் டீ குடிப்பான், வர்க்கி வாங்குவான். பூட்டிய வீடு என்ன வாங்கும்?

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் நம்ம ஊர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். 1822-இல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். பிறகு மதராஸ் அரசாங்கமே கோடைக்கு மலையேறியது. இன்றைக்கு அவர்கள் நாட்டிலேயே நிலைமை வேறு. வேல்ஸில் இரண்டாவது வீட்டுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட 2023 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

இங்கேயும் அதைச் செய்யட்டும். ஆறு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரியை மூன்று மடங்காக்கி, அந்தப் பணத்தில் உள்ளூர்க்காரருக்கு வீடு கட்டித் தரட்டும். சரிவில் புதிதாகக் கோடை வீட்டுக்கு அனுமதியே கூடாது. குளிர் காற்று வாங்க ஆசையா? பஸ் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் இருக்கிறது. போய்விட்டு இருட்டுமுன் இறங்கி வரலாமே.