சொல்லும் பொருளும்: எம்பிரியோவும் பீட்டஸும்

நமக்குத் தெரிந்த பெண் ஒருத்தி முதன்முறையாகக் கர்ப்பமாயிருக்கிறாள். சென்ற வாரம் அவளுடைய பாட்டியார் ஸ்கான் எடுத்த காகிதத்துடன் நம் வீட்டுக்கு வந்தார்.

“குழந்தை என்றே இதில் போடவில்லையாம், பீட்டஸ் என்று இருக்கிறதாம். அது போகட்டும், பன்னிரண்டு வாரம் என்று கண்டிருக்கிறதே! மாப்பிள்ளை வெளியூரிலிருந்து திரும்பிப் பத்து வாரந்தானே ஆகிறது, வாத்தியாரே?” என்றார். கடைசி வாக்கியத்தில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

முதலில் பதத்தைப் பார்ப்போம். எம்பிரியோ கிரேக்க மூலமுடையது. உள்ளே வளர்வது என்று பொருள். பீட்டஸ் லத்தீன் சொல். ஈன்ற மகவு என்னும் பொருள் அதற்கு உண்டு. ஆகவே பாட்டியார் தேடிய குழந்தை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வைத்திய நூலார் இவ்விரண்டையும் பருவப் பெயர்களாக்கினர். கரு உண்டானது முதல் 56 நாள் வரை எம்பிரியோ. 57-ஆம் நாள் முதல் பிறக்கும் வரை பீட்டஸ். வயிற்றிலிருப்பது ஆணா, பெண்ணா என்று வெளியிடுவதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷத்து இந்தியச் சட்டமும், பின்னர் திருத்தப்பட்டபோது, இந்த எல்லையையே வகுத்தது.

தமிழில் முன்னதைக் கரு என்றும் பின்னதைச் சிசு என்றும் எழுதினால் மயக்கமிராது. உருப்பெறாத யோசனையை ‘எம்பிரியோ நிலையில்’ இருப்பதாக ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. பீட்டஸுக்கு அந்தப் பிரயோகம் இல்லை.

இனி, வாரக் கணக்கு. நாம் சொன்ன 56 நாள் கரு உண்டானதிலிருந்து எண்ணுவது. வைத்தியர்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்த நாள் பெண்ணுக்கு நினைவிருக்கும், கரு உண்டான நாள் தெரியாது என்பதே காரணம். கரு உண்டாவது சாதாரணமாக அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். எனவே காகிதத்தில் 12 என்றிருந்தால் சிசுவின் வயது ஏறக்குறைய 10 வாரமே. இரண்டு கணக்கும் சரி, தொடக்கம்தான் வேறு.

பாட்டியார் பெருமூச்சு விட்டார். “பிள்ளைத்தாய்ச்சி என்று நாம் முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுகிறோம், இவர்களுக்கு இத்தனை கணக்கு!” என்று சிரித்தார். பிறகு, “இந்தப் பத்தையும் பன்னிரண்டையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். சம்பந்தியம்மாள் படிக்கவேண்டும்” என்றார்.

எழுதிக் கொடுத்தோம். வேறு வீடுகளுக்கும் அந்தச் சீட்டு வேண்டியிருக்கலாம் என்று கருதி, இங்கும் எழுதினோம்.