புறநகர்க் கிராமத்தில் வீடு வாங்குமுன்

மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களில் நெடுங்காலம் வாடகைக்குக் குடியிருப்போர் சொந்த வீடு பற்றி எண்ணும்போது, அவர்கள் மனம் கும்பளங்கி, செல்லானம், வைப்பின் போன்ற நீர்சூழ்ந்த ஊர்களை நாடுகிறது. நகருக்குள் இரண்டு சென்ட் வாங்கும் தொகைக்கு அங்கே கூடுதல் இடம் கிடைக்கும். தென்னை நிழலும் நல்ல காற்றும் உடன் கிடைக்கும். வீட்டுக்கடன் விண்ணப்பங்களை நாள்தோறும் பார்க்கும் நாம் இவ்விருப்பத்தைக் குறை கூறவில்லை. ஆயினும் விலையை மட்டும் பார்த்து இக்கணக்கை முடிக்கலாகாது என்பதே நம் கருத்து.

கும்பளங்கியை எடுத்துக்கொள்வோம். மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறியப்பட்ட இவ்வூரை, 2019-இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படம் மேலும் புகழ்பெறச் செய்தது. காயல், சீன வலை, தோணி, அண்டை வீட்டாரின் பரிவு ஆகிய அனைத்தும் அங்கே உண்மையாகவே உள்ளன. ஆனால் மாலைப் பொழுதைக் கழிக்கச் செல்வோர் காணாத ஒன்றை அங்கே குடியிருப்போர் அறிவர். அவ்வூரின் வாழ்வு முழுவதும் நீரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒட்டியே நடைபெறுகிறது.

இதற்குப் பொக்காளி வயல்களே சான்று. தென்மேற்குப் பருவமழை வயலின் உப்பைக் கழுவியதும் நெல் விதைக்கப்படுகிறது. ஆளுயரம் வளரும் பயிரிலிருந்து கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரிலேயே விட்டுவிடுகின்றனர். பின்னர் உப்புநீர் ஏறும் மாதங்களில் அதே வயலில் இறால் வளர்கிறது; அழுகிய தாள் இறாலுக்கு உணவாகிறது, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. புவிசார் குறியீடு பெற்ற அரிசி இது. வயலையும் தோட்டையும் வெறும் காலியிடம் என்று கருதுவது தவறு. ஏறிவரும் நீர் தங்கிச் செல்லும் இடம் அவையே.

அவற்றை மண்ணிட்டு நிரப்பினால் நீர் வேறெங்கே போகும்? அண்மை ஆண்டுகளில் கொச்சியைச் சுற்றியுள்ள தாழ்ந்த ஊர்களில், மழையில்லாத மாதங்களிலும் ஓதநீர் வீட்டு முற்றத்துள் புகுவதைக் காண்கிறோம். அது வடிந்தாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. பூச்சு உதிர்கிறது, கான்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பி துருவேறுகிறது. வீட்டுக்கடன் இருபது ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. அத்தனை காலம் அச்சுவர் தாங்குமா என்று வாங்குவோரும் கடன் கொடுப்போரும் கேட்டாக வேண்டும்.

தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் ஒரு சொல்லில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நமக்கு 'நிலம்' என்பது பொதுச்சொல். கேரள வருவாய்ப் பதிவேட்டிலோ 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டுநிலம் 'புரயிடம்' எனக் குறிக்கப்படும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே கிராம அலுவலகத்தில் நிலவகையையும், கிருஷி பவனில் 'டேட்டா பேங்க்' என வழங்கும் வயல் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும்.

கட்டட அனுமதி இருக்கிறதே என்று அமைதியடைவதும் போதாது. மரடு கிராமப் பஞ்சாயத்தாக இருந்தபோது, 2006-இல் காயலோர அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அவை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியவை என உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்தது. நான்கு குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளருக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் வீடு இடிந்தால் கடன் தானாகத் தீர்ந்துவிடுவதில்லை. கரையிலிருந்து எத்தனை தூரம் விட வேண்டும் என்ற விதி இடத்துக்கு இடம் மாறுபடுவதால், குறிப்பிட்ட மனைக்கான விவரத்தை எழுத்துமூலம் பெறுவதே பாதுகாப்பு.

இவற்றோடு அன்றாடச் செலவுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கோடையில் குடிநீர் ஒழுங்காக வருகிறதா, இரவில் மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும், கடைசிப் பேருந்து எப்போது என்பவற்றை அங்கே குடியிருப்போரிடமே கேட்டறியலாம். மனையை நண்பகலில் ஒருமுறை பார்த்தால் போதாது. முழுநிலவு அல்லது அமாவாசையை ஒட்டி, ஓதம் உயரும் வேளையிலும் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது.

கடன் வழங்கும் வங்கிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. ஆவணம் சரியாக இருக்கிறதா என்பதோடு மனையின் உயரம், வடிகால், ஓதநீரின் வரவு ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என நாம் கருதுகிறோம். புதிதாகக் குடியேறுவோர் தோட்டை அடைக்காமலும் வயலை நிரப்பாமலும் வீடு கட்டினால், அவர்கள் விரும்பி வந்த ஊர் அவர்களுக்கும் நிலைக்கும். முன்பிருந்தே அங்கு வாழ்வோரின் முற்றமும் நனையாதிருக்கும்.