முயலும் அதன் நுண்குடிகளும்

கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களைக் குறித்தற்கு நம் மக்கள் பெரிதும் வழங்கும் சொல் 'கிருமி' என்பதாம். வடமொழியிற் புழுவைக் குறித்த இச்சொல், இந்நாளில் நோயையும் சாவையுமே நம் நினைவிற்குக் கொணர்கின்றது. சோப்பு விற்போரும், தரை கழுவும் மருந்து விற்போரும் கிருமிகளை அடியோடு ஒழித்துத் தருவதாகவே பறைசாற்றுகின்றனர். பள்ளியிற் பயிலும் சிறுவனும் கிருமியெனிற் பகையென்றே கொள்கின்றான். இக்கொள்கையிற் பாதி உண்மையே. எஞ்சிய பாதியை அறியாமையால் விளையும் கேடோ சிறிதன்று. அதனைக் காட்டுதற்கு நாம் எடுத்துக்கொண்ட சான்று, வலிமையற்றதும் அஞ்சி ஒடுங்கும் இயல்புடையதுமாகிய முயலேயாம்.

ஈண்டு முயல் என்றது நம் நாட்டுப் புதர்களில் வாழும் காட்டு முயலை அன்று; ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளைத் தாயகமாகக் கொண்டு, நிலத்தில் வளை தோண்டி வாழும் குழிமுயலையே. இன்று உலகெங்கும் வீட்டிலும் பண்ணையிலும் வளர்க்கப்படும் முயல்கள் இதன் வழிவந்தனவாம். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் அரசினர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுவனவும் இவ்வினத்தனவே.

முயல் புல்லை உண்டு வாழ்வது. ஆயினும், புல்லின் உடலாய் அமைந்த செல்லுலோஸ் என்னும் பொருளைச் சிதைக்கத்தக்க சீரணநீர் முயலின் உடம்பிற் சுரப்பதில்லை. ஆவிற்கும் இக்குறை உண்டு. அஃது அசைபோட்டுத் தன் இரைப்பையின் முதலறையிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக்கொண்டு அக்குறையைத் தீர்த்துக்கொள்கின்றது. முயலுக்கோ இரைப்பை ஒற்றை அறையினதே. அதன் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வாழுமிடம், சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் ஒரு பெரும் பைபோலச் சுருண்டு கிடக்கும் குருட்டுக்குடலாகும். உணவுக்குழலில் உள்ள பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் இவ்வொரு பையினுள்ளே தங்குகின்றது. அங்குள்ள குழம்பில் ஒரு கிராம் எடுத்து எண்ணப்புகின், பாக்டீரியாக்கள் பதினாயிரம் கோடி அளவிற் காணப்படும்! அவற்றோடு மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் உள. பிற உயிர்கள் தரித்திருத்தற்கு அரிதாகிய கடும்புளிப்பு நிறைந்த இரைப்பையிலோ, ஒருவகை ஈஸ்டு இனிது வாழ்கின்றது.

இக்குடிகள் வாளாவிருந்து உண்பன அல்ல. முயலின் பெருங்குடல், உணவின் பருநார்களை விரைவில் வெளியே செலுத்தி, நுண்டுகள்களை மட்டும் பின்னோக்கித் தள்ளிக் குருட்டுக்குடலிற் சேர்க்கின்றது. அத்துகள்களை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து அசிட்டிக், பியூட்டிரிக், புரோபியோனிக் என்னும் அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்கள் குடற்சுவரின் வழியே குருதியிற் கலந்து முயலுக்கு ஆற்றலாகின்றன. முயலின் உடம்பு கழிவென ஒதுக்கிய யூரியாவையும் இந்நுண்குடிகள் வீணாக்குவதில்லை. அதிலுள்ள நைட்ரஜனைக்கொண்டு தம் உடலுக்கு வேண்டும் புரதத்தை ஆக்கிக்கொள்கின்றன. பி வகை வைட்டமின்களையும் இயற்றுகின்றன.

இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. புரதத்தைச் செரித்து உட்கொள்ளவல்லது சிறுகுடல். நுண்ணுயிர்கள் புரதத்தை ஆக்கிவைத்த குருட்டுக்குடலோ அதற்கு அப்பால் உள்ளது. வாயிலைக் கடந்து சென்ற செல்வம் மீண்டும் மனைக்கு வருமாறு யாங்ஙனம்? முயல் இதற்கு ஓர் அரிய வழி கண்டுள்ளது. நாம் தரையிற் காணும் உலர்ந்த புழுக்கையன்றி, மென்மையும் பளபளப்பும் உடையதாய், சளிப்படலம் போர்த்து, சிறு திராட்சைக் குலைபோலத் தோன்றும் வேறொரு வகைப் புழுக்கையையும் அஃது இடுகின்றது. தான் ஓய்ந்திருக்கும் வேளையில் அதனைத் தரையில் விழவிடாது, வாயை வைத்து வாங்கி, மெல்லாமலே விழுங்கிவிடுகின்றது. நுண்ணுயிர்களின் புரதமும் வைட்டமின்களும் இவ்வாறு இரண்டாம் முறை சிறுகுடலை அடைகின்றன. 1882ஆம் ஆண்டில் மொரோ என்னும் பிரெஞ்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் இச்செயலை விளக்கியுரைத்தார். லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரம் முயலை அசைபோடும் விலங்குகளோடு சேர்த்து எண்ணுவதைக் கண்டு நகைப்போர் உளர். ஆவைப்போல முயல் அசைபோடுவதில்லை என்பது மெய்யே. எனினும், உண்டதை மீண்டும் உண்டு பயன்கொள்ளுதலாகிய அளவில் இவ்விரண்டன் தொழிலும் ஒத்திருத்தலை நோக்குவார், நகைக்குமுன் சற்றே நின்று எண்ணுவர்.

இனி, இக்குடிகள் முயலின்பால் வந்து சேருமாற்றைக் காண்போம். தாய்முயல் பொதுவாக நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்களே, குட்டிகளுக்குப் பாலூட்டுகின்றது. அப்பால் குட்டியின் இரைப்பையை அடைந்ததும், அதிலிருந்து ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்னும் இரு கொழுப்பமிலங்கள் பிரிந்து நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்துகின்றன என்பது 1966இல் வெளிவந்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று. ஒருபுறம் இங்ஙனம் வாயிலை அடைத்துக் காக்கும் தாய், மற்றொருபுறம் தன் புழுக்கைகள் சிலவற்றைக் கூட்டினுள்ளே இட்டுச் செல்கின்றது. குட்டிகள் அவற்றைக் கொறிக்கின்றன. இதனை அழுக்கென்று எண்ணி அருவருப்பார் பலர். பிரான்சு நாட்டின் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வோ வேறொன்றைக் காட்டிற்று. புழுக்கையைக் கொறியாதவாறு தடுக்கப்பட்ட குட்டிகளிடத்து நுண்ணுயிர்க் கூட்டம் நிலைபெறுதற்குக் காலந்தாழ்ந்தது. தடையின்றிக் கொறித்த குட்டிகளோ நலத்தில் மேம்பட்டு நின்றன. நாம் அழுக்கென்று துடைத்தெறிய விரும்புவது, தாய் தன் மக்களுக்கு ஈயும் முதுசொம் அன்றோ?

இக்குடிகளால் விளையும் நன்மை உணவளவில் நிற்பதன்று. முயலின் குருட்டுக்குடல் நுனியிற் குடல்வால் என்னும் உறுப்பு உளது. நோயை எதிர்க்கும் பொருள்களைப் பலவகையாக ஆக்கும் திறம், இளமுயலின் உடம்பில் அங்கேதான் பெரிதும் உருவாகின்றது. சிகாகோவிலுள்ள லொயோலா பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீராய்டிஸ் பிராஜிலிஸ், பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் இருவகைப் பாக்டீரியாக்களைத் தனித்தனியே புகுத்தியபோது குடல்வால் செவ்வனே வளர்ந்திலது. இரண்டையும் ஒருங்கே புகுத்தியபோது வளர்ந்தது. ஒன்றால் ஆகாதது இரண்டு கூடியவிடத்து ஆயிற்று. இவை தனியுயிர்கள் மட்டுமல்ல, ஒன்றற்கொன்று துணைநிற்கும் ஒரு குடியாட்சி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அற்றேல், இவை யாவும் நல்லனவேயோ என்று வினவலாம். அல்ல. முயலின் மூக்கினுள் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியம் வாழ்தல் உண்டு. நலமுற்ற முயல்கள் பலவும் அதனைச் சுமந்துகொண்டே யாதொரு தீங்குமின்றித் திரிகின்றன. ஆயின், நெருக்கமான கூட்டில் அடைத்து, சிறுநீரின் நெடி கண்ணைக் கரிக்குமாறு விட்டுவைப்பின், அதே பாக்டீரியம் மூக்கொழுகலாகவும் நுரையீரல் நோயாகவும் வெளிப்படுகின்றது. விருந்தாயிருந்ததனைப் பகையாக்கியது கூட்டின் நிலையே என்க.

இதே பாக்டீரியத்தைப் பற்றிய ஒரு வரலாறும் உண்டு. ஐரோப்பியர் கொண்டுசென்ற முயல்கள் ஆஸ்திரேலியாவிற் பல்கிப் பயிரை அழித்தமையால், அவற்றை ஒழிக்கும் வழி காட்டுவோர்க்கு 25,000 பவுன் பரிசளிப்பதாக நியூ சவுத் வேல்ஸ் அரசினர் 1887இல் அறிவித்தனர். பேரறிஞர் பாஸ்டர், கோழிகளைக் கொல்லும் வாந்திபேதிக் கிருமியை முயல்களிடையே பரப்பலாம் என்றார். 1888இல் தம் மனைவியின் உடன்பிறந்தார் வழி உறவினரான அத்ரியேன் லுவார் என்பாரையும் அங்கே அனுப்பினார். சிட்னித் துறைமுகத்து ராட் தீவிற் சோதனைகள் நடந்தன. கிருமியை உண்ட முயல்கள் இறந்தன. ஆயினும், நோய் ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தடையின்றிப் பரவவில்லை. பறவைகளுக்கும் அதனால் அச்சம் உண்டாயிற்று. எனவே அத்திட்டம் கைவிடப்பட்டது. பரிசும் ஒருவர்க்கும் அளிக்கப்படவில்லை. அக்கிருமியே பின்னர்ப் பாஸ்டரின் பெயரைத் தாங்கிய பாஸ்டுரெல்லா மல்டோசிடா. சிற்றுயிரைப் படைக்கலமாக மட்டுமே கருதிய காலத்துப் பேரறிஞருக்கும் அதன் இயல்பு முழுதும் வசமாகவில்லை.

இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தார்க்கு உரிய செய்திகள். நமக்கு இவற்றால் ஆவதென்னை என்பார்க்கு ஒன்று கூறுவோம். இக்காலத்து நகரங்களிற் குழந்தைகளின் பொருட்டு முயல் வாங்கி வளர்ப்போர் பலர். முயல் சற்றே சோர்ந்ததும், "கிருமி தொற்றியிருக்கும்" என்று கருதி, வீட்டில் எஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து வாயிற் புகட்டுவாரும் இலர் அல்லர். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தல் முயலுக்குக் கொடிய ஆபத்தாகும். அவை குருட்டுக்குடலின் நற்குடிகளை வீழ்த்திவிடுகின்றன. வெறுமையான அவ்விடத்திற் கிளாஸ்டிரிடியம் ஸ்பைரோபார்மி என்னும் தீக்குடி பல்கி நஞ்சு கக்குகின்றது. முயல் கழிந்து மடிகின்றது. அன்பினாற் கொடுத்த மருந்தே அதன் உயிருக்கு உலையாகின்றது! புல்லும் வைக்கோலும் குறைத்து, மாவும் தானியமும் மிகுதியாக ஊட்டுதலும் இக்குடியாட்சியைக் குலைப்பதே.

"அங்ஙனமாயின் மருந்தையே விலக்குக என்பீரோ?" எனின், அன்று. நோய்க்கிருமி உண்டு; அதனை அழிக்கும் மருந்தும் வேண்டற்பாலதே. பென்சிலினால் உயிர்பிழைத்தோர் எண்ணிறந்தோர் என்பதை யார் மறுப்பர்? முயலுக்கு ஏற்ற மருந்து இன்னது, ஏலாதது இன்னது என்பதைக் கால்நடை மருத்துவர் அறிவர். அவரை வினவிக் கொடுத்தலே முறை. வேறுபாடு காணாது அழிக்கும் மனப்பான்மையையே நாம் மறுக்கின்றோம். ஐரோப்பிய ஒன்றியம், கால்நடைகளின் வளர்ச்சியை மிகுவிக்கும்பொருட்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீவனத்திற் கலத்தலை 2006இல் விலக்கிற்று. வழக்கம்போல் மருந்தூட்டி வருதலையும் 2022இல் விலக்கிற்று. அறிவுடையோர் திரும்பிவரும் வழியில், நாம் இப்பொழுதுதான் புறப்படுதல் நன்றன்று.

தமிழ் பயில்வார்க்கு இதன்கண் ஒரு கடமை உண்டென்பது எம் துணிபு. பாடநூல்கள் 'நுண்ணுயிர்' என்னும் நல்ல சொல்லை ஆள்கின்றன. எனினும் அது நூலளவில் நிற்கின்றது. அடுக்களையிலும் கடைவீதியிலும் 'கிருமி'யே ஆட்சி புரிகின்றது. நோய் செய்வதைக் கிருமி என்போம். ஏனையவற்றை நுண்ணுயிர் என்போம். ஓருடலில் ஒருங்கு வாழும் கூட்டத்தை நுண்குடி என்போம். சொல் மூன்றானால், கருத்தும் மூன்றாகத் தெளியும். மாத்திரையை எடுக்கும் கையும் ஒரு கணம் தயங்கும். எல்லாச் சிற்றுயிரும் பகையே என்று இன்னமும் சாதிப்போர், தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்போரை ஒப்பர். அம்முயலுக்குக் கால் நான்கு. அதன் குடலிலோ கோடானுகோடி நுண்குடிகள். அவற்றைக் காத்தாலன்றி அதனைக் காத்தல் இயலாதென்பதை அதனை வளர்ப்போர் நெஞ்சிற் கொள்வாராக.