அம்மாவின் இடுப்புக்கும் எண்ணெய் வேண்டாமா?



கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி வழியாகப் போனால் ஊர் வருமுன்பே உளிச்சத்தம் வந்துவிடும். இப்போது கிரைண்டர் மெஷினின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. புவிசார் குறியீடு வாங்கிய சிற்பங்கள், பெருமைதான். ஆனால் நாள் முழுக்கக் குத்தவைத்துக் கல் கொத்துகிறவரின் மணிக்கட்டும் முதுகும் என்ன பாடுபடும்?

அதற்குத்தான் நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். ‘இந்தியன்’ (1996) படம் பார்த்துவிட்டு, வர்மம் என்றாலே ஆளைச் சாய்க்கிற வித்தை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ஆசான் மரபில் அடியும் அதன் பாதிப்பை நீக்குகிற இளக்குமுறையும் சேர்ந்தே வரும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடலில் 108 இடங்கள் சொல்வார்கள். விரலின் அழுத்தத்துக்குக் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளவு உண்டு. வைத்தியம் பெரும்பாலும் இந்தச் சின்ன அளவுகளில்தான் நடக்கிறது.

நல்ல ஆசான் அவசரப்படமாட்டார். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தோளிலிருந்து கீழாக ஒரே சீராகத் தடவி வருவார். ஓரிடத்தில் பெருவிரல் நிற்கும். “இங்கதானே?” என்பார். நாம் சொல்லியே இருக்கமாட்டோம்!

சரி, இப்படித் தடவிக்கொள்ள வீட்டிலிருந்து யார் போகிறார்கள்? கல் கொத்துகிற அப்பா போவார். கபடியில் உளுக்கிக்கொண்ட பையன் போவான். தண்ணீர்க்குடமும் துணிவாளியும் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன அம்மா? பத்து ரூபாய் தைலத்தை அவளே எட்டியவரை பூசிக்கொண்டு படுத்துவிடுவாள். ஆசான்களில் அநேகம் பேர் ஆண்கள். கூச்சம் நியாயமானதுதான். அதற்காக வலியைச் சுமக்க வேண்டுமா?

இன்று சித்த மருத்துவக் கல்லூரிகளில் வர்மமும் படித்துவிட்டுப் பெண் டாக்டர்கள் நிறைய வருகிறார்கள். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை கொடுத்து கின்னஸ் சாதனையே செய்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்; பக்கத்து அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில், பார்க்க லேடி டாக்டர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். செலவும் பெரிதாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை. விழுந்து எலும்பில் அடிபட்டால், கைகால் மரத்துப்போனால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், நெஞ்சு வலித்தால் தடவலுக்குப் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்துகொள்ள வேண்டாம். கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்புகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். “எல்லா நோயும் தீரும்” என்று போர்டு வைத்திருப்பவரிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மாவைக் கூட்டிப்போகும்போது பழைய சேலை ஒன்றை உடுத்தச் சொல்லுங்கள். தடவுகிற காயத்திருமேனி எண்ணெயின் கறை எந்த சோப்புக்கும் லேசில் போகாது!

அன்புடன்,
ஆசிரியர்