கேட்காமல் விற்ற பாலிசி, கேட்டால் மறுக்கும் இழப்பீடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவுகளாயின. நெல்லை முதல் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வட்டாரம் வரை வாசலில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் ஏறியது. வெள்ளச் சேதத்தை வாகன பேக்கேஜ் பாலிசி ஏற்கிறது, அதில் வழக்கில்லை. கார் வாங்கிய பிறகு வெளிக்கடையில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லைட், அலாய் வீல் ஆகியவற்றின் கதிதான் வேறு. இவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னால் உரிமையாளர் திகைக்கிறார். வெளிப்பாகம் என்பதாலேயே கிளெய்மைத் தள்ளுவது நியாயமல்ல என்பதும், என்னென்ன மாட்டியிருக்கிறது என்று விசாரித்துப் பதியும் முதல் பொறுப்பு பாலிசி விற்பவருடையது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காரின் காப்பீட்டு மதிப்பான ஐடிவி, தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடப்படுவது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30 என்று அந்தக் கழிவு ஏறுகிறது. பட்டியல் விலையில் இல்லாத பொருள் இந்த மதிப்பில் தானாகச் சேராது. அதற்கும் வழி உண்டு. 2002ஆம் ஆண்டு வாகனக் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பின் 24ஆம் மேலொப்பம் (எண்டார்ஸ்மென்ட்), மின், மின்னணுப் பொருத்துகளை அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசிக்குள் கொண்டுவந்தது. கேஸ் கிட்டுக்கு 25ஆம் மேலொப்பம். கட்டணக் கட்டுப்பாடு பின்னர் தளர்ந்துவிட்டாலும் இந்த வகைப்பாடு இன்றும் பாலிசிகளில் தொடர்கிறது. அந்தக் கணக்குப்படி 30,000 ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாயும் வரியும். மூன்றாம் ஆண்டில் அதன் மதிப்பு 30 சதவீதம் கழிந்து 21,000 ரூபாய் ஆகிவிடும். கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்ப்பது உரிமையாளரின் விருப்பம். ஆனால் இப்படியொரு வழி இருப்பதே தெரியாதவருக்கு விருப்பம் என்று ஒன்று ஏது?

காப்பீடு பரஸ்பர நம்பிக்கையின் மேல் நிற்பது, தன் வண்டியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் உரிமையாளரே என்பது கம்பெனிகளின் முதல் பதில். கொள்கையளவில் சரி. ஆனால் நம்பிக்கை இருபக்கமும் இருக்க வேண்டியது. விண்ணப்பப் படிவத்தை எழுதியதும், எந்தத் தகவல் பிரீமியத்தை மாற்றும் என்று அறிந்திருப்பதும் கம்பெனி. ஷோரூமில் சாவியோடு சேர்த்து நீட்டப்படும் பாலிசியிலும், கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் முடியும் புதுப்பித்தலிலும், கூடுதல் பொருத்துகளுக்கான கட்டம் காலியாகவே கடந்துபோகிறது. காலிக் கட்டத்தோடு பணத்தை வாங்கிக்கொண்டு, சேதம் வந்த பிறகு அதே காலிக் கட்டத்தைக் காட்டுவது நேர்மையாகாது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கையும் இந்தத் திசையில்தான் நிற்கிறது: ஆவணம் இல்லை என்பதற்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது, வேண்டியதைப் பாலிசி தரும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிறது அது. ஆவணத்துக்குப் பொருந்தும் நியாயம் பொருத்துகளுக்கும் பொருந்தும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வெளிப்பாகங்களில் சில சட்டத்துக்கே விரோதமானவை, அவற்றுக்கும் இழப்பீடா? கூடாது. முன்பக்கம் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் மாற்றம், வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் அமைப்பு மாற்றம். சீட் கவரும் கேமராவும் அதில் வராது. ஆகவே பாகங்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சட்டம் தடுப்பவை, கேஸ் கிட் போல ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டியவை, யாருக்கும் தீங்கில்லாதவை. முதல் வகைக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். மூன்றாம் வகையை முதல் வகையோடு சேர்த்துக் கட்டித் தூக்கி எறியவும் வேண்டாம்.

சட்டவிரோதப் பாகமே இருந்தாலும், அது சேதத்துக்குக் காரணமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒயரை வெட்டி ஒட்டிய ஹார்னால் தீப்பிடித்திருந்தால் மறுப்பதில் பொருள் உண்டு. வாசலில் நின்ற காருக்குள் ஆற்று வெள்ளம் புகுந்ததற்கும் கிராஷ் கார்டுக்கும் என்ன சம்பந்தம்? சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டிய நிலையில் திருட்டுப் போன வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை மீறலைச் சொல்லி முழுத் தொகையையும் மறுக்க முடியாது என்றது. 75 சதவீதம் வழங்கும் உத்தரவை உறுதிசெய்தது. 2010இல் அமலேந்து சாகு வழக்கிலும் அதே வழியில் நின்றது. இது குலசேகரன்பட்டினத்துக்கு மிக நெருக்கமான விஷயம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஊர் ஊராகக் குழுக்கள் ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் கட்டிய வண்டிகளில் வருகின்றன. சில நாளுக்குக் கட்டிய விளக்கைக் காட்டி, அதற்குத் தொடர்பே இல்லாத மோதலுக்கான கிளெய்மை அடியோடு மறுக்க முடியாது. விளக்குக்குப் பிரீமியம் கட்டவில்லையா, விளக்கின் விலையைக் கழித்துக்கொள்ளலாம்; நசுங்கிய கதவுக்குப் பணம் தர வேண்டும்.

மூன்றாவது, மோசடி அச்சம். மாட்டாத பாகத்துக்குப் பில் வரும், ஐயாயிரம் ரூபாய்ப் பொருள் ஐம்பதாயிரமாக எழுதப்படும், அந்தச் சுமையை நேர்மையான மற்றவர்களின் பிரீமியம் சுமக்கும் என்பார்கள். அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து முன்கூட்டிய பதிவுதான். இடையில் காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்க, வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதே வீடியோவை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வாங்கி, பொருத்துகளின் பட்டியலையும் ஜிஎஸ்டி பில்லையும் இணைத்துவிட்டால், சேதத்துக்குப் பிறகு புதுப் பாகம் முளைக்க இடமிருக்காது. தேய்மானக் கழிவு இருப்பதால் பழைய பொருளைக் காட்டி லாபம் பார்க்கவும் வழி குறைவு. உப்புக் காற்றில் துருப்பிடித்த பாகத்தை வெள்ளத்தின் கணக்கில் எழுதுவதையும் அந்த வீடியோவே தடுக்கும்.

ஆகவே ஐஆர்டிஏஐ செய்ய வேண்டியவை மூன்று. பொருத்துகள் பற்றிய கேள்விக்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பதில் பெறாமல் பாலிசி தரக் கூடாது என்று ஆக்க வேண்டும். பதியாத பாகத்துக்காக, அதன் மதிப்பைத் தாண்டி எதையும் பிடித்தம் செய்யக் கூடாது என்று வரையறுக்க வேண்டும். மறுப்பதானால், அந்தப் பாகம் சேதத்துக்கு எப்படிக் காரணமானது என்று சர்வேயர் எழுத்தில் விளக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை வாசகர்கள் பாகம் மாட்டிய அன்றே பில்லை வாங்கிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து மேலொப்பம் கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பெனிக்கே புகார் அனுப்புங்கள். பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.