நம் ஊர்த் தமிழும் நாட்டின் விருதும்

சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டில் ஒரு சிறு புயல் எழுந்து அடங்குகிறது. இவருக்கு ஏன் கொடுத்தார்கள், அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று வாதிடுவோர் ஒரு சாரார். விருது பெற்ற நூல் எது என்று கேட்டு வாங்கி அலமாரியில் அடுக்குவோர் மறு சாரார். இவ்விரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. விருது பெற்ற அந்த நூல் எந்தத் தமிழில் எழுதப்பட்டது என்பதே அது. தக்கலைச் சுற்று வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

விருதுகளைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். சாகித்திய அகாதெமி 1954 மார்ச் 12 அன்று தொடங்கப் பெற்றது. 1955 முதல் விருது வழங்கி வருகிறது. தமிழுக்கு முதல் விருதைப் பெற்றுத் தந்தவர் ‘தமிழ் இன்பம்’ எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளை. ஞானபீட விருது 1965இல் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்பிடம் இருந்து தொடங்குகிறது. தமிழுக்கு அது 1975ஆம் ஆண்டு விருதாக அகிலனுக்கும், 2002ஆம் ஆண்டு விருதாக ஜெயகாந்தனுக்கும் கிடைத்தது. ஞானபீடம் எல்லா மொழிகளையும் ஒரே பந்தியில் அமர்த்தி ஒருவரைத் தேர்கிறது. சில ஆண்டுகளில் இருவர். அகாதெமியோ 24 மொழிகளுக்கும் தனித்தனி இலை போடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரு மொழிகள் கைகோத்துக் கிடக்கும் எல்லைப்புறத்தில் பிறந்தவன் எந்த இலையில் போய் உட்காருவான்?

இக்கேள்விக்கு விடையாக வந்தவர் தோப்பில் முகமது மீரான். 1944இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர். அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தது. மீரான் கற்றது மலையாளம். பிழைப்புக்குச் செய்தது வியாபாரம். அத்தகையவர் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தார். பின்னர் வந்த ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் அகாதெமி விருது கிடைத்தது. பழம்பெருமை பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் ஒரு குடும்பத் தலைவனின் கதை அது. அதில் வரும் தமிழ், பாட நூலில் நாம் காணும் தமிழ் அன்று. மலையாளமும் அரபும் கடற்காற்றும் கலந்த தமிழ். அந்தத் தமிழை ‘தமிழ்’ என்னும் இலையிலேயே அமர வைத்து நாடு மரியாதை செய்தது. பரிசுப் பணத்தை விட இதுவே பெரிது என்பேன்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன்? நம்மிடையே ஒரு கூச்சம் இருக்கிறது. வெளி மாவட்டத்துக்குப் போனால் மரச்சீனியை மரவள்ளிக்கிழங்கு என்றும், அக்கானியைப் பதனீர் என்றும் அவசரமாக மாற்றிக்கொள்கிறோம். “ஓர்மை இருக்கா?” என்று கேட்க வந்த வாய் “ஞாபகம் இருக்கிறதா?” என்று திருத்திக்கொள்கிறது. “நீங்கள் பேசுவது மலையாளமா?” என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சுண்டிப் போகிறது. மேடைக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்பது எங்கும் உள்ளதுதான். ஆயினும் வீட்டு மொழியைக் குறைபாடு போல மறைப்பது வேறு சங்கதி.

வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். அகாதெமி பிறந்த அதே 1954ஆம் ஆண்டு, ஆகஸ்டு 11 அன்று, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்ட நம் மக்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. “நாங்கள் தமிழர்” என்று மார்பு காட்டியவர்கள் வீட்டில் பேசியது எந்தத் தமிழ்? நாம் இன்று கூச்சப்படும் இதே தமிழ்தான் அன்றோ?

நிற்க. விருது வந்ததால்தான் இம்மொழிக்கு உயிர் வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இலேயே ‘புத்தம் வீடு’ எழுதிவிட்டார். பனையேறும் மக்களின் வாழ்வும் வாக்கும் அதில் அப்படியே இருக்கின்றன. 1968இல் வந்த நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நம் பக்கத்து ஊரான இரணியலின் பேச்சில் நடக்கிறது. முன்னவருக்கு அகாதெமி விருது கடைசி வரை வரவில்லை, 2012இல் மறைந்தார். பின்னவருக்கு 2007இல் வந்தது. அதுவும் ‘தலைமுறைகள்’ நாவலுக்கு அன்று, ‘இலையுதிர் காலம்’ நாவலுக்கு. நாகர்கோவிலில் வாழ்ந்து ‘ஒரு புளியமரத்தின் கதை’ எழுதிய சுந்தர ராமசாமிக்கும் அகாதெமி விருது கிடைக்கவில்லை. பொன்னீலனுக்கு 1994இலும் நாஞ்சில் நாடனுக்கு 2010இலும் கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் விருதுப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழைகிறவன் ‘புத்தம் வீடு’ இருக்கும் தட்டைப் பாராமலே திரும்பிவிடுவான். அந்த இழப்பு ஹெப்சிபா அம்மையாருக்கு அன்று, நமக்கு.

நம்மைப் போன்றே நெடுநாள் அவதிப்பட்டவர்கள் கொங்கணி மக்கள். அவர்கள் மொழியை மராத்தியின் கிளை வழக்கு என்று பலர் ஒதுக்கினர். 1975இல் அகாதெமி அதனைத் தனி மொழியாக ஏற்றது. 1992இல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம் கிடைத்தது. 2006ஆம் ஆண்டு ஞானபீடம் ரவீந்திர கேலேகரைத் தேடி வந்தது. நாம் தனி மொழி கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் அங்கீகாரம் வரும்வரை அவர்கள் எழுதாமல் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“வட்டார வழக்கில் எழுதினால் மற்ற ஊரார்க்கு விளங்காதே” என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கட்டுரைக்கும் தேர்வுக்கும் பொதுத் தமிழ் வேண்டும். இக்கட்டுரையும் பொதுத் தமிழில்தான் எழுதப்படுகிறது. ஆனால் கதையில் வரும் கிழவி பொதுத் தமிழ் பேசினால் அவள் எந்த ஊர்க் கிழவி? கோவில்பட்டிக் கரிசலின் பேச்சை எழுதிய கி. ராஜநாராயணனுக்கு 1991இல் விருது தந்தார்களே, அதைப் படித்து அறிந்துகொண்ட வாசகன் நம் பேச்சையும் அறிந்துகொள்வான்.

நம் தக்கலையிலேயே இதற்கு மேலான சான்று இருக்கிறது. பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவருடைய தர்காவில் மக்கள் கூடிப் பாடுகிறார்கள். எந்த நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது? நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு நூலை மக்கள் நாவில் வைத்திருப்பதற்கு ஈடாக எந்தத் தாமிரப் பட்டயத்தைச் சொல்ல முடியும்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நம் நூலகத்தில் குமரி மாவட்ட எழுத்தாளர் நூல்களுக்கென, விருது பெற்றது பெறாதது என்ற பேதமின்றி, ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். தமிழ் மன்றக் கூட்டங்களில் ஒன்றையாவது அவற்றுள் ஒரு நூலை வாசித்து விவாதிக்க ஒதுக்க வேண்டும். மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல்: அடுத்த ஆண்டு மலருக்குக் கதை எழுதும்போது உங்கள் பாட்டி பேசுகிறபடியே பேச விடுங்கள். அச்சில் பார்க்கும்போது முதலில் சிரிப்பு வரும். பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இளங்கலை வரலாறு