சைபீரியாவில் குளிர் கூடினால் கிளந்தானில் வெள்ளம்

“சார், நம்ம ஊர்ல குளிர்காலமும் இல்லை, கோடைகாலமும் இல்லை. அப்புறம் எதுக்கு நாலு பருவத்தைப் படிக்கணும்?” புவியியல் கற்பித்த காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 20 நிமிடம். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இருக்காது. நமக்கோ ஜனவரியிலும் வெயில், ஜூலையிலும் வெயில். இடையிடையே மழை.

ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நம்மிடம் இல்லாத அந்தக் குளிர்காலம்தான் நம் கிழக்குக் கரைக்கு ஆண்டுதோறும் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பூமி சூரியனுக்கு அருகில் போனால் கோடை, விலகினால் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போதுதான் ரஷ்யாவும் சீனாவும் குளிரில் நடுங்குகின்றன. காரணம் தூரம் அல்ல, சாய்வு. பூமி தன் அச்சில் 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுகிறது. டிசம்பரில் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரம் 52 டிகிரி வடக்கே உள்ளது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். வெளிச்சம் சரிந்து விழுந்து, அகலமாகப் பரவி, சூடு குறைந்து போகிறது. அதே நாளில் கோலாலம்பூரில் நண்பகல் சூரியன் 63 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆண்டில் நமக்கு அது மிகத் தாழ்ந்து வரும் நேரமே அவ்வளவுதான்.

அட்சரேகை மட்டும் கதையை முடித்துவிடாது. நிலமா, நீரா என்பதும் முக்கியம். வெறும் குவாலியை அடுப்பில் வைத்தால் சீக்கிரம் காயும். இறக்கினால் சீக்கிரம் ஆறும். பானைத் தண்ணீர் மெதுவாகக் கொதிக்கும், மெதுவாகவே ஆறும். ஒரே எடையுள்ள பாறையைவிட நீரைச் சூடாக்க நான்கைந்து மடங்கு வெப்பம் தேவை. அதனால் கண்டத்தின் நடுப்பகுதி கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். கடலோரம் இரண்டிலும் மிதமாக இருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம் வெர்கோயான்ஸ்க். சைபீரியாவில் 67 டிகிரி வடக்கில் உள்ள சிற்றூர். அங்கே குளிர் மைனஸ் 67 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதே ஊரில் 2020 ஜூன் 20-ஆம் தேதி வெயில் 38 டிகிரியைத் தொட்டது. கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், நார்வேயின் கடற்கரையில் போடோ என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஜனவரியில்கூட வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். இரண்டு ஊருக்கும் கிடைக்கும் சூரியன் ஒன்றுதான். போடோவுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான கடல் உண்டு. வெர்கோயான்ஸ்கைச் சுற்றிப் பரந்த நிலம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். குளிர்ந்த காற்று கனமானது. சைபீரியாவின் மேல் அது மலைபோலக் குவிகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அந்தக் காற்று சீனாவைக் கடந்து தெற்கே பாய்கிறது. புறப்படும்போது அது வறண்ட காற்று. வழியில் வெதுவெதுப்பான தென்சீனக் கடல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அந்தக் கடலின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கடைசியில் கிளந்தான், திரெங்கானு, பகாங், ஜொகூர் கரைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. இதுதான் நவம்பரிலிருந்து மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை. தமிழகத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை தருவதும் வடகிழக்குப் பருவம்தான்.

2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை உள்ளூர் மக்கள் ‘பஹ் குனிங்’, அதாவது மஞ்சள் வெள்ளம் என்கிறார்கள். நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். என் சின்னம்மா குடும்பம் அப்போது கோலக்கிராயில் இருந்தது. இரண்டு நாள் தொலைபேசியில் அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. பிறகு பேசியபோது சின்னம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மழைக்கு நாங்க பயப்படலப்பா. மழை வழக்கமா பெய்யிறதுதானே. தண்ணி ராத்திரியில வரும்னுதான் தெரியல.” உயிர் தப்பியது பெரிது. ஆனால் பிறப்புச் சான்றிதழ்களும் கல்யாண ஆல்பமும் சேற்றோடு போய்விட்டன.

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குத் தித்திவங்சா மலைத்தொடர் ஒரு சுவர். வடகிழக்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை அது கிழக்கிலேயே தடுத்துவிடும். ஆனால் அந்தச் சுவரை நம்பி அயர்ந்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் ஒன்று மலையைத் தாண்டி வந்தது. சா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதை மறக்க முடியுமா? அந்த வெள்ளத்தில் நாட்டில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரி, ஜூலையில் தென்பாதிக்குக் குளிர்காலம்தானே. அங்கிருந்து ஏன் இப்படி ஒரு வெள்ளம் வருவதில்லை? காரணம் மறுபடியும் நிலமும் நீரும்தான். வட அரைக்கோளத்தில் நிலம் சுமார் 39 விழுக்காடு. தென் அரைக்கோளத்தில் 19 விழுக்காடுதான். சிலி நாட்டின் தென்கோடியில், 53 டிகிரி தெற்கே புந்தா அரேனாஸ் என்ற ஊர் உள்ளது. அதன் குளிர்கால மாதத்தில் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். வடக்கே அதே தூரத்தில் இருக்கும் இர்குட்ஸ்கில் ஜனவரிச் சராசரி மைனஸ் 18 டிகிரி அளவு. தெற்கே கடல் சூழ்ந்திருப்பதால் குளிர் அந்த அளவுக்கு நிலத்தில் குவிவதில்லை. ஆஸ்திரேலியா பெரிய நிலம்தான், ஆனால் சைபீரியாவைப்போல அவ்வளவு தொலைவில் துருவத்தை நெருங்கியிருக்கவில்லை. அங்கிருந்து கிளம்பி நம்மிடம் தென்மேற்குக் காற்றாக வருவது, சுமத்ரா மலைகளில் மழையை இறக்கிவிட்டுத்தான் வருகிறது. அதனால் ஜூன், ஜூலையில் நமக்கு மழை குறைவு. சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத் தீப் புகைமூட்டத்தையும் அதே காற்று தூக்கி வந்துவிடுகிறது.

ஆக, நம் ஊரின் மழைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எந்த நாளில் எந்த ஆறு கரை உடையும் என்பதை யாரும் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த மாதங்களில் ஆபத்து என்பது நன்றாகவே தெரியும். ஹாங்காங்கில் திடீரென்று குளிர் கூடியது என்று செய்தி வந்தால், அடுத்த சில நாள்களில் நம் கிழக்குக் கரையில் மழை வலுக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் தாழ்வான இடங்களில் இருக்கும் வாசகர்கள் தீபாவளிப் பலகாரத்தோடு இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். அடையாள அட்டை நகல், பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். தாத்தா, பாட்டியின் மருந்துகளை ஒரே பையில் எடுத்துவையுங்கள். வானிலை ஆய்வுத் துறையின் தொடர் மழை எச்சரிக்கை மூன்று நிலைகளில் வரும்: மஞ்சள் என்றால் ‘வாஸ்பாடா’, ஆரஞ்சு என்றால் ‘புருக்’, சிவப்பு என்றால் ‘பஹாயா’. சிவப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆரஞ்சு வந்ததுமே முதியவர்களையும் குழந்தைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே அனுப்புங்கள்.